பனுவலுக்கு வெளியே நிற்பவர்கள்: சென்னை நவீன நாடகமும் கலைஞரின் பிழைப்பும்

தமிழில் நவீன நாடகம் குறித்து எழுந்துள்ள ஆய்வேடுகளில் பெரும்பாலானவை நாடகத்தை அச்சிட்ட பனுவலாக மட்டுமே கொண்டு ஆராய்கின்றன. கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, உரையாடல், உத்தி என்று சிறுகதைக்கு வகுத்த வாய்பாடே நாடகத்திற்கும் பொருத்தப்படுகிறது. ந. முத்துசாமியின் (1936–2018) நாடகங்களுக்கு முன் இவ்வாய்பாடு செயலிழந்துவிடுகிறது. முதுகலை வகுப்பொன்றில் 'நாற்காலிக்காரர்' நாடகத்தை மாணவர்கள் அமர்ந்தபடி வாசித்தபோது, "இதில் கதை எங்கே இருக்கிறது ஐயா?" என்று ஒருவர் கேட்டார். மறுநாள் அதே பகுதியை நின்றும் நடந்தும் பேசச் சொன்னேன். முதல் நாள் உலர்ந்து கிடந்த சொற்களுக்கு வகுப்பு சிரித்தது. இவ்வேறுபாட்டை விளக்கப் பனுவல் மட்டும் போதாது. அது எத்தகைய உடலுக்கு, எந்த நேரத்திற்கு, யாருடைய உழைப்பை நம்பி எழுதப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். இக்கட்டுரை அக்கேள்வியைச் சென்னை நகரின் கலைஞர் சூழலோடு பொருத்திப் பார்க்கிறது.

முத்துசாமியின் முதல் நாடகமான 'காலம் காலமாக' 1968இல் 'நடை' இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு நாடகக் குழு ஏதும் இல்லை. 1970இல் தொடங்கிய 'கசடதபற' போன்ற சிற்றிதழ்களைச் சூழ்ந்திருந்த எழுத்தாளர் பலர் பகலில் அலுவலகம் சென்று மாலையில் இலக்கியம் பேசியவர்கள். ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். அவர்களோடு பழகி, சிற்றிதழ்களுக்குக் கோட்டோவியம் வரைந்த கே. எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். வீர சந்தானமும் டிராட்ஸ்கி மருதுவும் அங்கே பணிபுரிந்தவர்களே. நவீன ஓவியத்தின் வரலாற்றில் சேலைக்கரை வரைந்த கைக்கு இடமுண்டு என்பதைக் கலை விமரிசகர்கள் போதிய அளவு எழுதவில்லை.

இப்'பகல் வேலை'யிலிருந்து விடுபட முயன்றதே சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அது உருவாயிற்று. பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்று வயிற்றுப்பாட்டைத் தீர்த்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தைத் தம் ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் வைத்துக்கொள்வது என்பது அவர்கள் கண்ட வழி. புரவலரையோ அரசையோ எதிர்பாராத இவ்வேற்பாடு அக்காலத்தில் துணிவானது. 1980இல் பாதல் சர்க்கார் நாடகப் பயிற்சிப் பட்டறை நடத்தியது இக்கிராமத்தில்தான் என்பது தற்செயலானதன்று. அரங்கும் ஒளியமைப்பும் நுழைவுச்சீட்டும் இன்றி நடிகரின் உடலை மட்டுமே நம்பிய அவருடைய நாடகக் கொள்கையும் ஒரு வகையில் பிழைப்பைப் பற்றிய கொள்கையே. செலவில்லாத நாடகத்தை யாருக்கும் அடிபணியாமல் நிகழ்த்தலாம். தமிழகத்தில் வீதி நாடகம் பரவியதில் இப்பட்டறைக்குப் பெரும்பங்குண்டு. எனினும் சர்க்காரின் முறையில் நடிகர் தம் நேரத்தை இலவசமாகத் தருபவர். அவருடைய சோற்றுக்கு வேறொரு வேலை பொறுப்பேற்க வேண்டும்.

1977இல் முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை இவ்விடத்தில்தான் வேறுபடுகிறது. 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கை கிடைத்தபின், நடிகர் நாள்தோறும் வந்து பயிலும் முழுநேரக் குழுவாக அது மாறியது. உடற்பயிற்சி, சிலம்பம், குரல் பயிற்சி, கூத்தின் அடவுகள் என அங்கு நடந்தவற்றை மாலைநேர ஒத்திகையால் ஈடுசெய்ய இயலாது. தம் ஊரான புஞ்சைக் கோயிலின் இறைவன் பெயரைத் தலைப்பாகக் கொண்ட 'நற்றுணையப்பன்' போன்ற பிற்கால நாடகங்களை முற்காலத்தனவற்றோடு ஒப்பிட்டால் இதன் விளைவு புலப்படும். முற்கால நாடகங்களில் பேச்சே செயலாக இருந்தது. சொன்னதையே சற்றுத் திரித்துச் சொல்லுதலும், ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் பற்றிக்கொள்ளுதலும் அவற்றின் இயக்கம். பிற்கால எழுத்திலோ பேச்சு உடலுக்கு இடம்விட்டு நிற்கிறது. இதனை அபத்த நாடகத்தின் தாக்கம் என்று மட்டும் கூறி முடிப்பது ஆய்வாளரின் சோம்பல் எனத் தோன்றுகிறது.

நல்கையை நம்பிய குழு நல்கையின் விருப்பத்திற்கு ஆட்படும் என்று அன்று எழுந்த கண்டனம் முற்றிலும் தவறன்று. ஆனால் கண்டித்தவர்களுள் பலர் மாத ஊதியம் பெற்றவர்கள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் முதலியோர் திரைப்படத்திற்குச் சென்றதை 'இழப்பு' எனக் குறிக்கும் கட்டுரைகளிலும் இதே குறை உண்டு. நடிகருக்குக் கூலி தரும் பெருந்தொழிலாகச் சென்னையில் திரைப்படமே இருந்துவருகிறது. பயின்ற உடலோடு அங்குச் செல்பவரைக் குற்றஞ்சாட்ட விமரிசகருக்கு என்ன உரிமை இருக்கிறது?

இக்கண்ணோட்டம் பழமையானது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபையில் நடித்தோர் வேறு தொழிலால் வாழ்ந்த கற்றோர்; 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பாலர் சபையின் சிறுவர்களுக்கு நாடகமே சோறு. முன்னது நாடகத்திற்கு மதிப்புத் தேடித்தந்ததாக நம் இலக்கிய வரலாறுகள் போற்றுகின்றன. பிழைப்புக்காக ஆடுவது மதிப்பைக் குறைக்கும் என்னும் எண்ணம் இப்போற்றுதலில் மறைந்திருக்கிறது.

இவ்வெண்ணத்தால் மிகுதியும் இழந்தவர்கள் கூத்துக் கலைஞர்கள். செய்யாற்றை அடுத்த புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் (மறைவு 2003) கூத்துப்பட்டறை நடிகர்களுக்கு ஆசானாக விளங்கினார். முத்துசாமி 'அன்று பூட்டிய வண்டி' நூலில் தெருக்கூத்தைத் தமிழரின் செவ்வியல் அரங்காகவே முன்வைத்து வாதிட்டார். அவரிடம் அக்கலைஞர்பால் மெய்யான பணிவு இருந்தது. அவரைப் பின்பற்றி எழுதியவர்களிடமோ கூத்து ஒரு 'வடிவம்', 'மூலவளம்' என்று சுருங்கிவிட்டது. விடிய விடிய ஆடிவிட்டுக் கோயில் திருவிழாக் காலம் கழிந்தபின் வயல் வேலைக்கோ கூலிக்கோ செல்பவர் அக்கட்டுரைகளில் காணப்படுவதில்லை. அவரும் பகல் வேலை செய்யும் கலைஞர்தான். ஆனால் அலுவலகம் சென்ற எழுத்தாளரைப் போல அவர் யாருடைய வாழ்க்கை வரலாற்றிலும் இடம்பெறவில்லை.

இசைக்கலைஞரின் நிலை இன்னும் மோசம். முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும் இன்றிக் கூத்தின் ஓர் அடவும் எழாது. கூத்தின் வழிவந்த நவீன நாடகப் பனுவல்களிலோ 'இசை' என்னும் ஒரு சொல் அடைப்புக்குறிக்குள் நிற்கிறது. வாசித்தது யார், எந்த இடத்தில் நடிகருக்கு மூச்சுவிட இடம் தந்தார் என்பதற்குப் பதிவில்லை. மார்கழிக் கச்சேரியில் பக்கவாத்தியக்காரரின் பெயர் அழைப்பிதழில் அச்சாகிறது. நம் நாடகப் பதிப்புகளில் முகவீணைக்காரருக்கு அவ்வளவு இடமும் இல்லை. முதல் நிகழ்வில் நடித்தோர், இசைத்தோர், ஒளியமைத்தோர், ஒத்திகை நடந்த இடம், செலவை ஏற்றவர் ஆகிய விவரங்களோடு முத்துசாமி நாடகங்களின் ஆய்வுப் பதிப்பொன்று வருமாயின், அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மாணவரின் கேள்விக்கு நான் வேறு விதமாக விடை கூறியிருப்பேன்.