மண் மூடாத கொடி

வாசகர்களே, திராட்சைத் தோட்டம் என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? இளவெயில், வறண்ட சரிவு, தொங்கும் குலைகள். இவற்றிற்கு நேர்மாறான ஓர் ஊரின் திராட்சை மதுவை இங்கே எடைபோட்டுப் பார்ப்போம். அவ்வூர், ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், தொக்காச்சிச் சமவெளியில் உள்ள இக்கேதா.

மது அருந்துவதைப் போற்றுவது நம் நோக்கமன்று. எத்தனால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். எவ்வளவு உயர்ந்த புட்டியில் அடைத்தாலும் அக்குணம் மாறாது. ஆனால், ஒரு பயிர் தனக்கு ஒவ்வாத குளிரை எப்படி வென்றது, அந்த வெற்றிக்கு அதன் சுவை கொடுத்த விலை என்ன என்பவை அறிவியல் வாசகர் கேட்கத் தகுந்த கேள்விகள்.

1952-இல் நிலநடுக்கமும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் குளிரால் விளைச்சல் இழப்பும் இக்கேதாவை வறுமையில் தள்ளின. 1957-இல் நகரத் தலைவரான மாருத்தானி கனெயசு, சுற்றியுள்ள மலைகளில் காட்டுத் திராட்சை தானாகவே காய்ப்பதைக் கண்டார். காட்டுக்கொடி வாழும் இடத்தில் நாட்டுக்கொடி வாழாதா என்பது அவர் வாதம். 1963-இல் நகராட்சியே மது வடிக்க உரிமம் பெற்றது. மறு ஆண்டே, காட்டுத் திராட்சையிலிருந்து வடித்த மது புடாபெஸ்ட் நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது.

இக்கதையை எழுதுவோர் பெரும்பாலும் பதக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதுவே நம் முதல் குறை. காட்டுக்கொடியில் ஆண் வேறு, பெண் வேறு; விளைச்சல் குறைவு; புளிப்போ மிகுதி. பதக்கம் ஒரு மதுவுக்குக் கிடைத்ததேயன்றி, உழவனுக்கு ஒரு பயிர் கிடைத்துவிடவில்லை.

நாட்டுக்கொடி ஏன் மடிந்தது? ஜப்பான் கடலிலிருந்து வரும் பனிமேகங்களை ஹிதாகா மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. ஆகவே தொக்காச்சியில் குளிர்கால வானம் தெளிவானது, பனிப்பொழிவு குறைவு. தெளிந்த இரவுகளில் தரையின் வெப்பம் வெளியேறி, வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரிக்கும் தாழ்கிறது. ஹொக்கைடோவின் மேற்குக் கரையில் உள்ள யோய்ச்சியில், தடித்த பனி கொடியைக் கம்பளி போல் மூடிக் காக்கிறது. இக்கேதாவில் அந்தப் போர்வை இல்லை. உறைந்த மண்ணிலிருந்து வேர் நீரை உறிஞ்ச முடியாது. வறண்ட காற்றோ தண்டின் ஈரத்தைப் பறிக்கிறது. குளிரும் தாகமும் சேர்ந்தே கொடியைக் கொல்கின்றன.

பிரெஞ்சுக் கலப்பினமான செய்பெல் 13053-இலிருந்து தேர்ந்தெடுத்த 'கியோமி' என்ற ரகம் முதல் விடையாயிற்று. ஆனால் இலையுதிர் காலத்தில் கொடியை மண்ணால் மூடி, வசந்தத்தில் மீண்டும் தோண்டி எடுக்கவேண்டும். இந்த உழைப்புக்கு ஈடாகக் கிடைக்கும் மது வெளிர்நிறமுடையது, புளிப்பு கூர்மையானது, உடல் மெலிந்தது. முயற்சியின் பெருமைக்காக மதுவின் மெலிவை நாம் மன்னித்துவிட வேண்டியதில்லை.

இரண்டாம் விடை, கியோமியைக் காட்டுத் திராட்சையோடு இணைத்துப் பிறந்த 'கியோமாய்', 'யமசாச்சி' என்னும் ரகங்கள். இவற்றுள் யமசாச்சியை மண்ணால் மூடவேண்டியதில்லை. 2020-இல் சர்வதேசத் திராட்சை-மது அமைப்பு இதைத் தன் ரகப் பட்டியலில் சேர்த்தது. கோஷு, மஸ்கட் பெய்லி ஏ ஆகியவற்றிற்கு அடுத்து, அவ்விடம் பெற்ற மூன்றாவது ஜப்பானிய ரகம் இது.

யமசாச்சி மதுவின் நிறம் ஆழ்ந்தது, மணத்தில் காட்டின் காரம் உண்டு, புளிப்பு மிகுதி. ஐரோப்பிய அளவுகோலை ஏந்தி வருவோர் இப்புளிப்பைக் குற்றம் என்பர். காரணத்தைப் பாருங்கள். கனி பழுக்கும்போது மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் எரித்துவிடுகிறது. குளிரில் அந்தச் சுவாசம் மந்தமாகிறது, அமிலம் எஞ்சுகிறது. போதாததற்குக் காட்டுத் தாயாதியின் புளிப்பும் மரபில் சேர்ந்துள்ளது. சில பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். நாட்பட வைத்தாலும் சுவை ஓரளவு இணங்கும். புளிப்பு இருப்பது குற்றமன்று. அதற்கு ஈடுகொடுக்கும் கனிச்சாரம் இல்லாமல் இளமையிலேயே புட்டியில் அடைப்பதே குற்றம். "எங்கள் ஊர் குளிர்ந்தது" என்பது விளக்கம் ஆகலாம், சாக்கு ஆகாது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். 1998 முதல் ஹொக்கைடோவின் பயிர்க்கால வெப்பநிலை உயர்ந்துவிட்டது. யோய்ச்சியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான சராசரி 14 டிகிரியைத் தாண்டியதால், புகழ்பெற்ற பினோ நுவார் அங்கே செழிக்கிறது. இனிக் காட்டுக் கலப்பினம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் கொடிக்குத் தேர்வுகள் இரண்டு. கோடையின் சராசரி வெப்பம் கனியைப் பழுக்கவைக்கும். குளிர்காலத்தின் ஒரே ஓர் இரவு கொடியையே கொன்றுவிடும். முதல் தேர்வில் தேறியவன் இரண்டாவதிலும் தேறுவான் என்பதற்கு உறுதி இல்லை. சராசரியை நம்பிக் கொடி நடும் உழவன் தன் முதலையே பணயம் வைக்கிறான்.

2018-இல் ஜப்பானில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, உள்நாட்டில் விளைந்த திராட்சையைக் கொண்டு அங்கேயே வடித்ததையே 'ஜப்பான் வைன்' எனலாம். விளைந்த ஊரின் பெயரை இடவேண்டுமாயின், அவ்வூர்ப் பழம் 85 சதவீதமாவது இருக்கவேண்டும். பெயருக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை இவ்விதி கேட்கிறது. இரவல் கொடியை மண்ணுக்குள் புதைத்துக் காப்பதைவிட, அம்மண்ணின் காட்டுக்கொடியிடம் பாதி மரபைக் கேட்டு வாங்கிய யமசாச்சியே இக்கேள்விக்கு நேர்மையான விடை.

ஆகவே நம் தீர்ப்பு இது: பயிராக யமசாச்சி முழு வெற்றி. மதுவாக அது பாதி வெற்றி. ஆனால் அந்தப் பாதி வேறெவரிடமும் கடன் வாங்கியதன்று. மீதியை முடிக்கவேண்டியது வடிப்பவரின் பொறுமை.