ஹெலிகாப்டருக்குக் கைதட்டியவர்கள்

'அபோகலிப்ஸ் நவ்' (1979) போர் எதிர்ப்புப் படம்னு சொல்றோம். அதன் ஹெலிகாப்டர் தாக்குதலையே எடுத்துக்கொள்வோம். வாக்னர் இசையோடு பாய்ந்து வரும் ஹெலிகாப்டர்கள். சட்டென்று ஒரு வெட்டு. சத்தமே இல்லாத வியட்நாம் கிராமம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். காட்சியின் கண்டனம் முழுக்க அந்த அமைதியில்தான் இருக்கு.

'ஜார்ஹெட்' (2005) படத்தில், வளைகுடாப் போருக்குப் போகவிருக்கும் அமெரிக்க மரைன்கள் இதே காட்சியைப் பார்த்துக் கூடவே பாடிக் கூத்தாடுகிறார்கள். ஆன்டனி ஸ்வாஃபோர்டின் நினைவுக்குறிப்பை (2003) வைத்து எடுத்த படம். எந்தப் போர்ப் படமும் சிப்பாய்க்கு வெறியேத்தத்தான் செய்யும் என்பது அவர் கட்சி. (இதில் ஒரு வேடிக்கை: 'ஜார்ஹெட்'டின் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச். 'அபோகலிப்ஸ் நவ்'வின் ஒலியமைப்பும் அவருடையதுதான்!)

படம் பார்க்கத் தெரியாத பயலுகன்னு அவங்களைத் தள்ளிவிட எனக்கு மனசு வரல. கப்போலாவின் கேமரா பெரும்பாலும் ஹெலிகாப்டர்களோடுதான் பறக்குது. இசையும் அவர்கள் பக்கம். கிராமத்துக்குக் கிடைப்பது சில நொடிகள். அங்கே யாருக்கும் ஒரு பெயர்கூடக் கிடையாது. கைதட்டாத நாமும், அந்தப் படத்தில் எது ஞாபகமிருக்குன்னு கேட்டா முதலில் இந்தக் காட்சியைத்தானே சொல்றோம்? பள்ளிக்கூடத்தை எத்தனை பேர் சொல்றோம்?