இரண்டாம் தவணை

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து ஆவடிச் சாலை பிரியும் கரையான்சாவடி முனையில், பேருந்துக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவரைச் சென்ற மாதம் கண்டேன். விலாவில் செருகிய மெல்லிய குழாய் வழியே கீழாநெல்லிச் சாற்றின் நிறத்தில் பித்தநீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பையைத் துண்டால் மூடி, மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல் அடைத்துச் சீழ் கோத்த பித்தப்பையை உடனே அறுத்தெடுக்காமல், முதலில் வடித்துவிட்டு, தேகம் தேறியபின் சஸ்திர சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று வைத்தியர்கள் தவணை வைத்து அனுப்பிய நோயாளி அவர்.

இம்முறையின் மேன்மை, பித்தப்பையைவிடப் பித்தநாளத்தில் கல் சிக்கும் சந்தர்ப்பத்திலேதான் முழுதும் விளங்கும். வயிற்றுவலி, குளிர்ஜுரம், காமாலை என்று 1877-இல் பிரெஞ்சு வைத்தியர் ஷார்கோ குறித்துவைத்த மூன்றும் ஒருசேரக் கண்டு, ரத்தத்தில் நஞ்சு ஏறத் தொடங்கிவிட்ட நிலையில் வயிற்றைக் கீறுவது பிராணாபாயம். ஹாங்காங்கில் 82 பேரிடம் நடத்தி 1992-இல் வெளியிட்ட ஆய்வில், எண்டோஸ்கோப்பி மூலம் நாளத்தை வடித்துக்கொண்டவர்களில் 100-க்கு 10 பேர் மாண்டார்கள். நேரே அறுவைக்குப் போனவர்களிலோ 32 பேர். இந்த விவேகம் செல்வந்தருக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் என். ரங்கபாஷ்யம் ஜீரண உறுப்புகளின் அறுவைக்கென்றே தனித் துறை கண்ட பெருந்தொண்டின் பயனாக, இதே பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மறுகோடியில், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அக்கல்லூரியின் அரசு மருத்துவமனையில், ஏழைக்கும் அது எட்டியிருக்கிறது.

ஆனால் நாளத்துக்குப் பொருந்திய நியாயத்தைப் பித்தப்பைக்கும் அப்படியே நீட்டுவதை நான் ஒப்பமாட்டேன். நெதர்லாந்தில், அறுவை தாங்குவார்களோ என்று ஐயுறத்தக்க 142 நோயாளிகளை இரு கூறாக்கிப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள்: லாப்ராஸ்கோப்பியால் உடனே பித்தப்பையை எடுத்தவர்களில் 100-க்கு 12 பேருக்கும், குழாய் வைத்து வடித்தவர்களில் 65 பேருக்கும் பெரிய உபாதைகள் நேர்ந்தன. மரணத்தறுவாயில் கிடந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பது உண்மை. அத்தகையோருக்குக் குழாயே கதி. மயக்க மருந்தைத் தாங்கக்கூடியவருக்கும் வயதை மட்டும் காட்டிக் குழாய் வைப்பது, அவரிடம் காட்டும் தயவு ஆகாது.

இதனினும் பெரிய குறை, இரு தவணைகளுக்கும் இடையில் கிடக்கும் அந்த வெற்றுக் காலம். முதல் தவணையில் வலி தீர்ந்துவிடுகிறது. வலி தீர்ந்ததும் வியாதியே தீர்ந்ததென்று மனம் நம்பிவிடுகிறது. நாளத்தை வடிக்க உள்ளே வைத்த ஸ்டென்ட் என்னும் பிளாஸ்டிக் குழாய் மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டியது. மறந்தால் அதுவே அடைத்து, பழைய ஜுரத்தைத் திரும்ப அழைத்துவரும். கூலிக்குப் போகிறவனைத் தேடி நினைவூட்டும் பொறுப்பை யார் ஏற்கிறார்கள்?

“வலியெல்லாம் நின்னுபோச்சு சார், இந்தக் குழாயை மட்டும் எடுத்துட்டாப் போதும், கத்தி வேணாம்” என்றார் பெரியவர். சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பிரித்தேன். அடியில், ஆறாவது வாரம் அறுவைக்கு வரவும் என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. தமிழில் படித்துச் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்; ஒன்பதாவது வாரம் நடந்துகொண்டிருந்தது.