விட்டுருச்சா?

2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு மணி பதினொன்று. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தேன். கொடியில் கிடந்த வெள்ளை வேட்டி கொஞ்ச நேரம் முன்புவரை ட்யூப்லைட் போட்டதுபோலத் தெரிந்தது. இப்போது அது எங்கே தொங்குகிறது என்று கையால் துழாவ வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் தரையிலிருந்து கழன்று போயிருந்தது. மேலே நிலா, சூளையிலிருந்து எடுத்துப் போட்டு ஆறிக்கொண்டிருக்கும் செங்கல் மாதிரி.

கீழே, ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு அம்மா ஹாலில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்குள் சாப்பாட்டுக் கடையை முடித்து, இட்லி மாவு, தயிர், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டாயிற்று. தூங்கவில்லை, தூங்கும் உத்தேசமும் இல்லை. கால் மணிக்கொரு தரம் படிக்கட்டின் அடியிலிருந்து ஒரே கேள்வி: “விட்டுருச்சா?”

அதே நேரம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் உச்சித் தளத்திலிருந்து எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வீடியோ அழைப்பில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்புக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. நிலா உச்சிக்கு ஏறிவிட்டதால் இரண்டு பேருக்குமே கழுத்து வலி. “தம்பி, இஞ்ச பாதிச் சனம் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடேல்லை. ராகுவுக்குப் பயந்து இல்லை, இண்டைக்குப் போயா எல்லே, சில் எடுத்திருக்கினம்” என்றார். “எங்கட கோயில் பின்னேரமே பூட்டியாச்சு. பன்சலையில இன்னும் விளக்கு எரியுது.”

இந்தக் கட்டுரைக்கு விதை அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள்தாம்.

சந்திர கிரகணம் பௌர்ணமியில் மட்டுமே வரும். இலங்கையில் ‘போயா’ எனப்படும் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. மதுக்கடையும் இறைச்சிக் கடையும் பூட்டு. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமையையே தூக்கிவிட்டு, நிலவின் நான்கு கட்ட நாள்களை வைத்து வார விடுமுறை விட்டுப் பார்த்த நாடு அது. ஆகவே அங்கே கிரகணம் வரும்போது ஊர் ஏற்கெனவே நிலாவின் கணக்கில்தான் இருக்கிறது. செப்டம்பர் 7, பினர போயா. பிக்குணிச் சங்கம் நிறுவப்பட்டதை நினைவுகூரும் பௌர்ணமி. வெள்ளை உடுத்தி, ‘சில்’ என்னும் நோன்பெடுத்து, ‘பன்சலை’ என்கிற விகாரைக்குப் போனவர்கள் போனார்கள், வந்தார்கள். அவர்களுக்கு வானத்தில் நடந்தது ஒரு கூடுதல் காட்சி. சென்னையில் அது ஒரு ஞாயிறு இரவு, அதில் கிரகணம் வந்து குறுக்கே விழுந்தது.

ராகு கதை இரு பக்கமும் உண்டு. நமக்குத் தெரிந்த ராகு, அமுதம் குடித்தபோது தலை துண்டானவன். விழுங்கினால் கழுத்து வழியே நிலா வெளியே வந்துவிடும். அதற்குள் நாம் ஒதுங்கி, ஜபம் செய்து, குளித்துக் காத்திருக்க வேண்டும். பாலி மொழியின் ‘சந்திம சுத்த’ என்னும் பௌத்தச் சூத்திரத்தில் கதை வேறு மாதிரி முடிகிறது. ராகு பிடித்ததும் சந்திரன் புத்தரைச் சரணடைகிறான்; விட்டுவிடு என்று புத்தர் சொல்கிறார்; ராகு நடுநடுங்கி ஓடி, அசுரர் தலைவனிடம் போய், விடாதிருந்தால் என் தலை ஏழாகச் சிதறியிருக்கும் என்கிறான். அதைப் ‘பிரித்’ என்னும் காப்புப் பாடமாக ஓதும் வழக்கமும் உண்டு. அங்கே விவகாரம் புத்தருக்கும் ராகுவுக்கும் இடையிலேயே தீர்ந்துபோகிறது. நம் கதையில் சமையலறை வரைக்கும் வேலை இருக்கிறது.

அன்று திருமலையில் பிற்பகல் 3.30க்கு நடை சாத்தினார்கள். மறுநாள் அதிகாலை 3 மணிக்குத்தான் திறந்தார்கள். பூமியின் முழு நிழல் நிலாவைத் தொட்டதோ இரவு 9.57க்கு, விட்டது 1.26க்கு. மூன்றரை மணி நேர நிகழ்வுக்குப் பதினொன்றரை மணி நேரப் பூட்டு. (காளஹஸ்தியில் மட்டும் நடை திறந்தே இருக்கும். ராகு கேதுவுக்கே பரிகாரத் தலம், அங்கே யாரைக் கண்டு சாத்துவது?) சாத்துவதற்கும் திறப்பதற்கும், முதல் குளியலுக்கும் தர்ப்பணத்துக்கும் கடைசிக் குளியலுக்கும் மணி வேண்டும், நிமிடம் வேண்டும். கிரகணத்தைக் கண்ணால் பார்க்கப் போகிறவனுக்குப் பஞ்சாங்கம் எதற்கு? தலையைத் தூக்கினால் தெரிந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவருக்குத்தான் அது எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று யாராவது சொல்லியாக வேண்டும். என் அம்மாவைப் போல.

கும்பகோணம் பக்கம் எங்கள் அப்பாயி வைத்திருந்த கருவி உலக்கை. தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி நீர், நடுவில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்துவாள். கிரகணம் இருக்கும்வரை நிற்கும், விட்டதும் விழும் என்பது கணக்கு. அடியில் பூண் தேய்ந்து தட்டையாகிப்போன உலக்கை அது. பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளும் நிற்கும் என்று கல்லூரி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை நிறுத்திக் காட்டினேன். அப்பாயி அசரவில்லை. “நின்னா நிக்கட்டும், எப்ப விழுதுன்னு பாரு” என்றாள். சிறுவயதில் நான் விடிய விடிய விழித்திருந்து பார்த்த முதல் கிரகணத்தில் நிலாவே இல்லை. சிம்னி விளக்கு, மஞ்சள் தண்ணீர், அதில் நிழல் விழ நிற்கும் ஓர் உலக்கை, அவ்வளவுதான். பேரப்பிள்ளைகள் ஐந்து பேர் மூச்சு விடாமல் சுற்றி உட்கார்ந்திருந்தோம். யாருடைய முழங்காலோ இடித்து அது சரிந்தது. அப்பாயி எழுந்து குளிக்கப் போய்விட்டாள். நிஜத்தில் அப்போது விட்டிருந்ததா என்று யாரும் வெளியே போய்ப் பார்க்கவில்லை.

உலக்கையைவிடத் தேர்ந்த கணக்கும் நம்மிடம் இருந்தது. அதைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் ஜான் வாரன். கோலார்ப் பக்கம் தங்கத்தைத் தேடிப் போனவர், கொஞ்ச காலம் சென்னை வானாய்வகத்தையும் பார்த்துக்கொண்டவர். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி நகர்த்தியே 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவர் பதிவு செய்தார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. அட்டவணை முழுக்க வாய்ப்பாடாக, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. வாரனின் ‘காலசங்கலித’ சென்னையில் 1825இல் வெளியான நூல். 20ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய வானியலின் பெரிய அறிஞரான ஓட்டோ நாய்கெபவர் இந்தப் பதிவைத் தேடியெடுத்து வியந்து எழுதினார். பள்ளிக்கூட வானியல் எதுவும் தெரியாத ஒருவர் தொடக்கத்தை 4 நிமிடத்துக்குள் பிடிக்கிறார் என்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் முடிவில் 52 நிமிடம் என்றால், அன்றைக்குப் புதுச்சேரியில் பஞ்சாங்கம் பார்த்துக் குளித்தவர்களின் கடைசிக் குளியல் கணக்கில் சேருமா என்பது சாத்திரம் தெரிந்தவர்கள் பேச வேண்டிய விஷயம்.

நான்கு வருடம் கழித்து, கடலுக்கு அந்தப் பக்கம். வட்டுக்கோட்டை செமினரியில் அமெரிக்க மிஷனரி டேனியல் பூர் மேற்கத்திய முறையில் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். அது யாழ்ப்பாணத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்த விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகவில்லை. பிடிக்கும் நேரம், மறையும் அளவு, நீடிக்கும் நேரம் மூன்றிலும் பேதம். ஊரறிய இது போட்டியாகிப்போனது. 1829இல் கிரகணம் வந்தது, பூரின் கணக்கு ஜெயித்தது. செமினரிக்காரர்கள் இதைப் பெரிய வெற்றியாகச் சொல்லிக்கொண்டார்கள். நாலு நிமிடமோ நாற்பது நிமிடமோ பிசகிய கணக்கைப் புதுச்சேரியில் ஒருவர் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். வட்டுக்கோட்டையில் ஒருவர் அப்படிப் பிசகிய கணக்கைக் கொண்டே சைவத்தை மடக்கப் பார்த்தார். எனக்கு வாரனைத்தான் பிடிக்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: யாழ்ப்பாணத்து மக்களை அன்று வானத்தைப் பார்க்க வைத்தது பூர்தான். கிரகணத்தைக் கதவுக்கு வெளியே நின்று, கையில் கணக்கோடு, யார் சொன்னது சரி என்று பார்க்க வைத்தார். இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் பழைய வாய்ப்பாட்டு முறையிலான வாக்கிய பஞ்சாங்கம் ஒரு வீட்டிலும் திருத்திய கணக்கிலான திருக்கணிதம் அடுத்த வீட்டிலும் தொங்குகின்றன.

இதே தீவில் கடிகாரமே இரண்டாகப் பிரிந்திருந்த காலமும் உண்டு. 1996இல் இலங்கை அரசு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தை முன்னால் தள்ளியது. வன்னியில் புலிகள் ஏற்கவில்லை. பழைய நேரமே தொடர்ந்தது. 2000 ஜூலை 16இல் 20ஆம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சந்திர கிரகணம், 107 நிமிடம். அன்று நிலா எழும்போதே ஏறக்குறைய முழுக்க மூழ்கிய நிலையில்தான் எழுந்தது. நிழலின் நடுவுக்கு அது போனபோது சென்னையில் மணி 7.26, கிளிநொச்சியில் 7.26, கொழும்பிலும் யாழ்ப்பாண நகரிலும் 7.56. 2006 சித்திரைப் புத்தாண்டையொட்டி அரசும் பழைய நேரத்துக்கே திரும்பியது. அதனால்தான் இப்போது அக்காவும் நானும் ஒரே நிமிடத்தைப் பேச முடிகிறது.

தமிழ்நாட்டில் கிரகணத்தை வேடிக்கை பார்ப்பதற்கும் ஒரு கட்சி இருக்கிறது. திராவிடர் கழகத்தார் கிரகண நேரம் பார்த்துக் கூடிச் சிற்றுண்டி சாப்பிடுவார்கள், கர்ப்பிணிகளையும் அழைத்துச் சாப்பிட வைப்பார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் ஊர் ஊராகத் தொலைநோக்கி தூக்குவார்கள். கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் வரிசை நிற்கும். இலங்கையிலும் பகுத்தறிவாளர்கள் உண்டு. அதில் பெரிய பெயர் ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து, இலங்கையிலேயே தங்கியவர். அவர் சண்டை பேய், பில்லிசூனியம், அற்புதம் காட்டும் சாமியார் இவற்றோடு. தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு ராகுவோடு மோதுவது நம் ஊர்த் தனிச்சொத்து. சாத்திய கதவு இருக்கும் இடத்தில்தானே அதைத் தள்ளித் திறக்கவும் ஆள் வேண்டும்? கேலியாகச் சொல்லவில்லை. கர்ப்பிணியை நாள் முழுக்கப் பட்டினி போட்டு இருட்டறையில் உட்கார வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த இட்லிக்கு மரியாதை உண்டு. ஆனாலும் நிரூபிப்பதற்காக நிலாவைப் பார்க்கிறவர்கள் அதிக நேரம் நிலாவைப் பார்ப்பதில்லை. சாப்பிட்டு, கைதட்டி, போட்டோ எடுத்துக் கிளம்பிவிடுகிறார்கள்.

2018 ஜூலை 27 இரவு, இந்த நூற்றாண்டின் மிக நீண்ட கிரகணம். 1 மணியிலிருந்து 2.43 வரை முழு மறைப்பு, பக்கத்திலேயே செவ்வாய் கொள்ளிக்கட்டை போல. அந்த இரவில்தான் சுமார் 1.30 மணிக்குக் கலைஞரைக் கோபாலபுரம் வீட்டிலிருந்து காவேரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டில் பாதிப் பேர் அன்று விழித்திருந்தோம், டிவி முன்னால். இலங்கையில் அன்றைக்கு எசல போயா. அக்கா தன் மகனுக்குச் செவ்வாயைக் காட்டியதாகச் சொன்னார்.

இனி வரப்போவதில் எனக்கு ஆவலான ஒன்று 2028 டிசம்பர் 31. அன்றும் முழு கிரகணம். 9.46க்கு முழுக்க மறைந்து, 10.58க்கு ஓரம் வெளுக்கத் தொடங்கி, நிழல் முற்றும் விலகுவது புத்தாண்டு பிறந்து ஆறு நிமிடம் கழித்து. திருத்தணியில் அன்றிரவு படித் திருவிழா, 365 படிக்கும் பூசை, நள்ளிரவுத் தரிசனம். ஊரிலுள்ள கோயில்களிலெல்லாம் பன்னிரண்டு மணிக்கு நடை திறந்து கூட்டம் அலைமோதும் இரவு. நடை சாத்துவார்களா, தள்ளிவைப்பார்களா? இதை அக்காவிடம் சொன்னேன். அவர் வேறு கணக்குப் போட்டார். “முப்பத்தொராம் திகதி இரவு போயாவோ? அப்ப கொழும்பில ஒரு போத்தல் விற்க ஏலாது. ராகுவை விட அதுதான் தம்பி பெரிய சண்டையா வரும்.”

பன்னிரண்டரைக்கு நிலாவின் ஒரு விளிம்பில் நகக்கீற்று அளவு வெள்ளை ஊறியது. அக்காவுக்குக் காலையில் அலுவலகம், “வெளிச்சம் வந்திட்டுது, நான் படுக்கப் போறன்” என்று துண்டித்தார். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, அவருக்கு 1.26 ஒரு பொருட்டே இல்லை. நானும் அத்தோடு கீழே இறங்கியிருக்கலாம். ஆனால் படிக்கட்டின் அடியில் குரல் கேட்டது.

“விட்டுருச்சா?”

“இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்மா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. அவசரப்பட்டுச் சொல்லிடாத.”

ஈசிச்சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொடியில் வேட்டி மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கீழே குளியலறையில் அம்மா வாளியில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கியிருந்தார்.