நில் என்று சொல்ல ஒருவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா பெண்ணோடு உட்கார்ந்து 'புதியா சிங்: பார்ன் டு ரன்' பார்த்தேன். 2016இல் வந்த இந்திப் படம். சௌமேந்திர பாதி இயக்கியது. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. எனக்கு அது மூன்றாவது முறை, அவளுக்கு முதல் முறை. அவளுக்குப் பதினான்கு வயது. ஒன்பதாவது படிக்கிறாள். தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் காலையும் மாலையும் ஓடுகிறாள். அவளுடைய தூரம் 3000 மீட்டர்.

படம் முடிந்ததும் கேட்டாள்: "சித்தி, அந்தக் கோச் நல்லவரா, கெட்டவரா?"

படத்தைப் பார்த்த எல்லோரும் கேட்கிற கேள்விதான். படமே அதைத்தான் கேட்கிறது. முதல் முறை பார்த்தபோது நானும் அதற்குத்தான் விடை தேடினேன். இப்போது எனக்கு அந்தக் கேள்வியின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்தச் சந்தேகத்தைப் பற்றியது.

1

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. புதியா சிங் புவனேஸ்வரின் சாலியா சாஹி குடிசைப் பகுதியில் பிறந்தவன். வறுமையால் தாய் அவனை ஒரு வியாபாரியிடம் 800 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டதாக அப்போது செய்திகள் வந்தன. ஜூடோ பயிற்சியாளர் பிராஞ்சி தாஸ் அவனை மீட்டுத் தன் பொறுப்பில் வளர்த்தார். 2006 மே 2 அன்று, நான்கு வயதில், புதியா பூரியிலிருந்து புவனேஸ்வர் நோக்கி ஓடினான். 65 கிலோமீட்டர், 7 மணி 2 நிமிடம். அவன் நாட்டுக்கே அதிசயக் குழந்தை ஆனான். பிறகு மருத்துவப் பரிசோதனை நடந்தது. சத்துக்குறைவு, ரத்தசோகை, இதயத்துக்கு அழுத்தம் என்று செய்திகள் வந்தன. மாநில அரசு நெடுந்தூர ஓட்டத்துக்குத் தடை போட்டது. 2008 ஏப்ரலில் பிராஞ்சி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கும் புதியாவின் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்றே சொல்லப்பட்டது. பையன் அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்தான். எல்லோரும் எதிர்பார்த்த அந்தப் பெரிய ஓட்டக்காரன் வரவேயில்லை.

படம் பிராஞ்சியின் பக்கம் சாய்கிறது. அதில் தப்பில்லை. மனோஜ் பாஜ்பாய் நடிக்கும்போது யார்தான் சாய மாட்டார்கள்? அந்த மனிதரின் பாசமும் பேராசையும் ஒரே முகத்தில், சில சமயம் ஒரே வசனத்தில் தெரிகின்றன. ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் நல அதிகாரிகள் அட்டைப் பொம்மைகள். 'இந்தப் பையன் இவ்வளவு தூரம் ஓடலாமா' என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்து வருவதாலேயே பார்வையாளருக்கு அது பொறாமையாக, அரசியலாகக் கேட்கிறது. படத்தில் மருத்துவம் பேசுகிறவர் எல்லாம் வில்லன். இது சின்னக் குறை இல்லை.

ஜெம்மா அட்வால் எடுத்த 'மாரத்தான் பாய்' என்ற ஆவணப்படம் (2010) இதைவிட நேர்மையானது. பல ஆண்டுகள் கூடவே இருந்து எடுத்திருக்கிறார். நாம் ஒருவரை நம்பத் தொடங்கும்போது படம் அவரை வேறு கோணத்தில் காட்டிவிடுகிறது. ஆனால் அதுவும் கடைசியில் பெரியவர்களின் சண்டையாகவே முடிகிறது. பயிற்சியாளர், தாய், அரசு: இவர்களில் பையன் யாருக்குச் சொந்தம்?

இரண்டாவது முறை பார்த்தபோது எனக்கு வேறொரு காட்சி உறைத்தது. புதியா கெட்ட வார்த்தை பேசுகிறான். தண்டனையாக ஓடச் சொல்லிவிட்டு பிராஞ்சி போய்விடுகிறார். பல மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பையன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். நிஜ பிராஞ்சியும் பத்திரிகைகளுக்கு இதையேதான் சொன்னார். ஒரு மேதை கண்டெடுக்கப்பட்ட தருணமாக இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆனால் அதில் என்ன நடந்தது? ஒரு பெரியவர் 'ஓடு' என்றார். 'நில்' என்று சொல்ல மறந்துவிட்டார். குழந்தை நிற்கவில்லை. அவ்வளவுதான். அந்த மறதிக்கு நாம் திறமை என்று பெயர் வைத்துவிட்டோம்.

2

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், சொல்கிறேன்.

நான் மயிலாப்பூர்ப் பெண். ஒன்பதாவதில் மண்டலப் போட்டியில் 3000 மீட்டர் ஜெயித்தேன். அதுவரை விளையாட்டாக இருந்தது அதன்பின் வேறு ஏதோ ஆகிவிட்டது. காலை ஐந்து மணிக்கு மெரினா. உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம்வரை போய்த் திரும்பி, பிறகு மணலில் ஸ்பிரின்ட். சாயங்காலம் பள்ளி மைதானத்தில் ரவுண்டு. முதலில் வாரத்துக்கு ஐந்து நாள், அப்புறம் ஆறு, பத்தாவதில் ஏழு. பயிற்சி கொடுத்த சார் கெட்டவர் இல்லை. சொந்தக் காசில் முட்டை வாங்கித் தருவார். மழை பெய்தால் குடையோடு நிற்பார். "உன்கிட்ட வெறி இருக்கும்மா, அது எல்லார்கிட்டயும் இருக்காது" என்பார். பதினைந்து வயதில் அதைவிட என்ன வேண்டும்?

கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பில் வலி வந்தது. "ஓடுறவங்க எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார்கள். ஐஸ் வைத்தேன். நேரம் கூடிக்கொண்டே போனது. போன மாதம் பதினொன்றரை நிமிடத்தில் ஓடிய தூரத்துக்கு இப்போது பன்னிரண்டு ஆகிறது. அதனால் இன்னும் அதிகம் ஓடினேன். தூக்கம் வரவில்லை. காரணமில்லாமல் அழுகை வந்தது. நான்கு மாதம் தீட்டு வரவில்லை. அம்மா கவலைப்பட்டாள். பாட்டிதான், "மீட்டு நேரத்துல தொல்லை இல்லாம நல்லதாப் போச்சு, விடு" என்றாள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலை மணலில் கால் ஊன்ற முடியவில்லை. எலும்பில் மயிரிழை விரிசல். டாக்டர் காலைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி: "மாசாமாசம் சரியா வருதா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. கால் வலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடும் ஓய்வும் கிடைக்காதபோது உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது. முதலில் நிறுத்துவது மாதவிலக்கை. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு வலுவிழக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு ஒரு பெயரே கொடுத்தது, சுருக்கமாக ரெட்-எஸ். பையன்களுக்கும் இது உண்டு. ஆனால் அவர்களுக்கு இவ்வளவு வெளிப்படையான அறிகுறி கிடையாது.

பதின்வயதில் இது இன்னும் மோசம். வளரும் எலும்பின் நுனிகளில் குருத்தெலும்புத் தகடுகள் இருக்கின்றன. அவை மூடி இறுகப் பெண்களுக்குச் சுமார் பதினான்கு, பதினைந்து வயதாகும். பையன்களுக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகள் கூடுதல். அதுவரை அந்த இடம் சுற்றியுள்ள எலும்பைவிடப் பலவீனமானது. வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய எலும்புப் பலத்தின் பெரும்பகுதி சேருவதும் அதே வருடங்களில்தான். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று பள்ளிச் சுவரிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். பூச்சு காய்ந்ததா என்று யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

3

நம் விளையாட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு பயிற்சிப் பாட்டு உண்டு. விடியற்காலை, மணல், டயர் இழுப்பது, வாந்தி, மறுபடி எழுவது. 'பாக் மில்கா பாக்' (2013) படத்தில் மில்கா வியர்வையைப் பிழிந்து பாத்திரத்தில் விடுவார். தியேட்டரில் கைதட்டினேன். ராணுவத்தில் இருந்த ஒரு வளர்ந்த மனிதரின் கதை அது என்பது அப்போது தோன்றவில்லை. அதே வருடம் தமிழில் 'எதிர்நீச்சல்' வந்தது. பயிற்சியாளர் வள்ளியின் முன்கதை, நம் சாந்தி சௌந்தரராஜனுக்கு 2006 தோகா ஆசியப் போட்டிக்குப் பிறகு நேர்ந்ததை நினைவூட்டுவது. ஒரு ஓட்டக்காரியின் உடம்பை அமைப்புகள் எப்படி நடத்துகின்றன என்று கேட்ட அபூர்வமான தமிழ்ப் படம் அது. ஆனால் கதாநாயகன் மாரத்தானுக்குத் தயாராகும் பகுதி வழக்கமான பாதையில்தான் போகிறது.

இந்தப் பாட்டுகளில் ஓய்வு நாளே கிடையாது. படத்தொகுப்பின் இயல்பே அது. தூங்குகிறவனைக் காட்டினால் பாட்டு படுத்துவிடும். ஆனால் உடம்பில் முன்னேற்றம் நடப்பது ஓடும்போது இல்லை. ஓடும்போது தசை, எலும்பு எல்லாம் சேதமாகின்றன. அது சரியாகி வலுப்பெறுவது ஓய்வில்தான். பயிற்சியின் பாதியை வெட்டிவிட்டு மீதியைத்தான் திரையில் பார்க்கிறோம். அதைப் பார்த்து வளர்ந்த சாரும் பிள்ளையும் அந்தப் பாதியையே முழுசு என்று நம்புகிறார்கள். நம் மொழியும் ஒத்துழைக்கிறது. 'வெறித்தனமா ஓடுறா' என்பது பாராட்டு. 'அளவா ஓடுறா' என்றால் திட்டு மாதிரி இருக்கிறது.

இதில் திறமைசாலிக்குத்தான் ஆபத்து அதிகம். சுமாராக ஓடுகிறவன் வலித்தால் உட்கார்ந்துவிடுவான், யாரும் கேட்க மாட்டார்கள். திறமை என்பதில் ஒரு பங்கு வலியைப் பொறுக்கும் சக்தி. அதனால் அவள் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை அவளுக்கே தாமதமாகத்தான் கேட்கும். அப்போது சுற்றி நிற்கிறவர்களும் கேட்காவிட்டால்?

இது ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைத்தால், மேரி கெய்னைப் பாருங்கள். 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடியபோது அந்த அமெரிக்கப் பெண்ணுக்குப் பதினேழு வயது. நைக்கியின் ஒரேகான் பிராஜெக்டில், ஆல்பர்டோ சலாசரிடம் சேர்ந்தார். 2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் காணொலியில் பேசினார்: எடையைக் குறைக்கச் சொல்லித் தொடர்ந்து அழுத்தம், மூன்று வருடம் மாதவிலக்கு இல்லை, ஐந்து எலும்பு முறிவு. சலாசர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆய்வுக்கூடம், மருத்துவர், பணம் எல்லாம் இருந்த இடம் அது. சாலியா சாஹியில் இல்லாத எல்லாம் அங்கே இருந்தது, 'இன்றைக்குப் போதும், நில்' என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஆளைத் தவிர.

4

இங்கே எனக்கு எதிராக நானே ஒன்று சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007லேயே சொன்னது: வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு, ஆண்டில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டையே விட்டு விலகியிருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டிகள் நடந்த காலத்தில் (1999 முதல் 2017 வரை) தடத்தில் நேர் ஓட்டம் 3000 மீட்டரோடு நின்றது. எல்லாம் சரி. ஆனால் இதைச் சோமசுந்தரம் மைதானத்தில் சொல்லிப் பாருங்கள். அங்கே ஓடுகிற பாதிப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பொழுதுபோக்கு இல்லை. பதினொன்று, பன்னிரண்டில் மாநில அளவில் ஒரு சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. அப்புறம் ரயில்வே, போலீஸ் என்று ஒரு வேலை. அந்தக் கதவு திறந்திருப்பது பதினான்கிலிருந்து பதினெட்டு வரைதான். எலும்பு மிகவும் மென்மையாக இருக்கும் அதே நான்கு வருடம். "ரெண்டு மாசம் ரெஸ்ட் எடு" என்று சொல்ல மயிலாப்பூரில் சொந்த வீடு இருக்கும் எனக்குச் சுலபம்.

பிராஞ்சியின் வலுவான வாதமும் இதுதான். ஓடாவிட்டால் இந்தப் பையனுக்கு என்ன இருக்கிறது? படம் இந்த இடத்தில் உண்மையிலேயே வலிக்க வைக்கிறது, அதற்காக மதிக்கிறேன். ஆனால் அந்த வாதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். ஏழைப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே முதல் அவன் உடம்பு என்றால், மற்ற யாரைவிடவும் அதைக் காப்பாற்ற வேண்டியது அங்கேதானே? விரிசல் விட்ட பிறகு எனக்கு ட்யூஷன் இருந்தது, கல்லூரி இருந்தது. என்னோடு மணலில் ஓடிய, பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் பெண்ணுக்கு அதே வருடம் முட்டி போனது. அவள் சான்றிதழும் போனது, பள்ளியும் போனது. சார் அவளையும் 'வெறி உள்ள பொண்ணு' என்றுதான் சொல்வார்.

அதனால்தான் கோச் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி எனக்குப் போதவில்லை. என் சார் நல்லவர். பாட்டி நல்லவள். அந்த விடை எங்கள் இரண்டு பேர் காலையும் காப்பாற்றவில்லை.

5

அக்கா பெண்ணிடம் இதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. "ரெண்டும்தான்" என்று மழுப்பினேன். அவள் அடுத்துக் கேட்டாள்: "அந்தப் பையன் இப்ப ஓடுறானா?"

"பெருசா இல்ல."

"ஏன்? அந்தத் தடையாலயா?"

தடையாலா, அதற்கு முந்தைய ஓட்டத்தாலா, அல்லது நான்கு வயது அதிசயங்கள் பொதுவாகவே இருபது வயதில் சாதாரண ஆட்களாக வளர்வதாலா என்று யாராலும் சொல்ல முடியாது. புதியாவின் பின்வாழ்க்கையை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுதுவது அவனை மறுபடி ஒருமுறை ஓட வைப்பது மாதிரிதான்.

பேசிக்கொண்டே அவள் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். முன்னெலும்பில் கட்டை விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வந்தேன், அந்த டாக்டர் செய்த மாதிரி. பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசை. ஒரே புள்ளியில் குத்தினால் எலும்பைச் சந்தேகப்பட வேண்டும். கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே வந்ததும் அவள் மூச்சு ஒரு கணம் நின்றது.

"வலிக்குதா?"

"இல்லையே."

ரொம்ப வேகமாக வந்த 'இல்லையே'. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் தெரியாது என்றார். நான்கு வாரம் ஓடக் கூடாது, பிறகு பார்ப்போம் என்றார். அக்கா கோச்சுக்குப் போன் செய்தாள். "மேடம், அடுத்த மாசம் மாவட்டம் இருக்கே" என்றார் அவர். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, கூட்டிட்டு வாங்க. உக்காந்து டைம் எடுக்கட்டும்" என்றார்.

இப்போது சாயங்காலங்களில் அவள் மைதானத்து ஓரம் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருக்கிறாள். மாவட்டப் போட்டிக்கு அவள் பெயர் போகவில்லை. என்னோடு இன்னும் பேசவில்லை.