மனைக்குருவி எழுப்பும் வினா

சங்க இலக்கியத்தை இயற்கைக் கவிதை என்று போற்றாத மேடை இல்லை. ஆயினும், அவ்வியற்கையை நாம் எவ்வாறு படிக்கிறோம் என்று கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. முல்லைக்குக் காடு, கார், மாலை. மருதத்துக்கு வயல், வைகறை என்று ஓர் அட்டவணையை மனனம் செய்கிறோம். நம் பிள்ளைகளையும் செய்விக்கிறோம். பாட்டில் வரும் பறவையை அட்டவணையின் ஒரு கட்டத்தில் அடைத்தவுடன், அப்பறவையைப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம். பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதை ஒரு சிறு பாட்டைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

குறுந்தொகையின் 46ஆம் பாட்டு, மாமலாடன் என்னும் புலவர் இயற்றியது. ஏழே அடிகள். தலைவன் பிரிந்து வேற்றூர் சென்றிருக்கிறான். தலைவி பிரிவைத் தாங்கமாட்டாளே என்று தோழி கவலை கொள்கிறாள். அவளுக்குத் தலைவி கூறும் விடையில் தன் கண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவள் பேசுவது வீட்டுக் குருவியைப் பற்றி. வாடிய ஆம்பல் மலரின் நிறத்தில் சிறகு படைத்த அக்குருவி, முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்கிறது. ஊர்ப்பொதுவிடத்தில் உலர்ந்த எருவின் துகளிலே குடைந்து விளையாடுகிறது. பொழுது சாய்ந்ததும் வீட்டு இறப்பில் தன் குஞ்சுகளோடு தங்கிவிடுகிறது. இத்தகைய மாலைப் பொழுதும் தனிமைத் துயரும் அவர் போயிருக்கும் ஊரில் இல்லாமலா போயின என்று தோழியை வினவுகிறாள். பாட்டு அவ்வளவே.

இப்பாட்டை உவமைச் சிறப்புக்காகப் பாராட்டுவோர் உளர். தாயும் குஞ்சும் கூடியிருக்கும் கூட்டுக்கு எதிரே தனித்த தலைவியை நிறுத்தியதைப் பாராட்டுவோரும் உளர். இரண்டும் சரியே. ஆனால், இவற்றுக்கு அடித்தளமாக நிற்பது புலவரின் கூர்ந்த நோக்கு என்பதை நாம் போதிய அளவு கூறுவதில்லை. குருவி நீரில் குளிப்பதேயன்றிப் புழுதியிலும் குளிக்கும். இறகில் ஒட்டும் சிற்றுயிர்களை நீக்க அது கையாளும் வழி அது. மனிதர் வாழும் வீட்டை ஒட்டியே அது கூடு கட்டும். உணவு, புழுதி, உறைவிடம் என ஒரு குருவியின் வாழ்வுக்கு வேண்டியவற்றுள் மூன்றை மூன்று அடிகளில் வரிசையாகக் கூறிவிட்டார் புலவர். முற்றத்தில் பல நாள் அமர்ந்து பார்த்தவர்க்கன்றி இது கைகூடாது.

திணைப் பாகுபாட்டிலும் ஒரு நயம் உண்டு. பாட்டு மருதத்துள் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் அதில் வரும் பொழுதோ முல்லைக்குரிய மாலை. அட்டவணைக்கு அடங்காத இத்தகைய மயக்கத்தைத் தொல்காப்பியமும் ஏற்கிறது. காட்சி முன்னே செல்ல, இலக்கணம் பின்னே வருகிறது.

பருவத்தைப் பற்றிய பாட்டுகளிலும் இதே நோக்கைக் காணலாம். கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிச் சென்றவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. 21ஆம் பாட்டில் ஓதலாந்தையாரின் தலைவி, மரம் என்ன சொன்னாலும் அவர் பொய் சொல்லார் என்று மரத்தை நம்ப மறுக்கிறாள். 66ஆம் பாட்டில் கோவதத்தனாரின் தோழியோ, பருவமல்லாத மழையைக் கார் என்று எண்ணி ஏமாந்த அறிவிலி இம்மரம் என்கிறாள். மரம்தான் அவர்களுடைய நாட்காட்டி. நாட்காட்டியோடு வாதிடும் அளவுக்கு அதனை அவர்கள் அறிந்திருந்தனர்.

உரைநடைக் காலத்தில் இந்நோக்கைத் தொடர்ந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மைந்தர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் தம் இறுதிக் காலம் வரை ஆங்கிலத்தில் இயற்கைக் குறிப்புகள் எழுதினார், தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுத்துள்ளார். யானையும் புலியும் பற்றி எழுத வல்லவர், வீட்டருகே காணும் எளிய உயிர்களையும் அதே மதிப்போடு எழுதினார். இன்ன உயிர், இன்ன இடம், இன்ன செயல் என்று சொல்லி நிறுத்தும் அம்முறை மாமலாடனின் முறையே. ஆயினும், நம் விழா மலர்களில் சங்கப் பாடலுக்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு சிறு பகுதியும் இத்தகைய உரைநடைக்குக் கிடைப்பதில்லை. இது நம் திறனாய்வின் குறை.

இனி, பாட்டின் வினாவுக்கு வருவோம். அது யாரை நோக்கிய வினா? ஊரைவிட்டுப் போனவனைப் பற்றியது. எனவே நம்மைப் பற்றியது. முலுண்டில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும், போனவன் சென்ற நாட்டில்தான் இருக்கின்றன. அங்கும் குருவி இருக்கும், மாலை வரும், அதைக் கண்டதும் அவனுக்கு வீட்டு நினைவு எழும் என்பதே தலைவியின் தேறுதல். ‘உண்டு’ என்னும் விடையை எதிர்பார்த்து எழுந்த வினா அது. இன்று நாம் அவ்வாறு விடையளிக்க இயலுமா? நாட்டளவில் சிட்டுக்குருவி பெரிதும் குறையவில்லை என்றும், பெருநகரங்களில் குறைந்துவருகிறது என்றும் 2020இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை கூறுகிறது. காரணம் தேட வேறு நூல் வேண்டா, பாட்டே போதும். அடுக்குமாடிக் கட்டடத்துக்கு இறப்பு இல்லை. முற்றம் சிமென்ட் ஆயிற்று. அரிசி பொட்டலத்தில் வருகிறது. குருவிக்குப் புலவர் வகுத்த மூன்றையும் நாம் ஒருங்கே நீக்கிவிட்டோம். இலக்கியத்தில் பழையது என்று நாம் கருதிய வினா, இன்று விடை தெரியாத வினாவாகிவிட்டது.

எனினும், இந்த ஊர் பார்ப்பதற்கு வறிய ஊர் அன்று. மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலைகள்; கிழக்கே உப்பளங்களும் தாணே கழியும். கழியில் குளிர்காலந்தோறும் பூநாரைகள் வந்து, கோடை முடிவில் அகல்கின்றன. அப்பகுதி 2015இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மராத்தியர் பஹாவா என்று அழைக்கும் நம் கொன்றை, இங்கே ஏப்ரல், மே மாதங்களில், ஜூன் மழை தொடங்கு முன்பே பூத்துவிடுகிறது. ஆவணியும் புரட்டாசியும் கார் என்று மனனம் செய்த பிள்ளை, இங்கே ஆனியிலேயே நனைகிறது. பாட்டு பொய்யா, மழை பொய்யா என்று அப்பிள்ளை கேட்குமானால், அதனை அடக்கிவிடக் கூடாது. கொன்றையோடு வாதிட்ட தலைவியின் மரபில் வந்த கேள்வி அது. அங்கிருந்தே பாட்டைக் கற்பிக்கலாம்.

சங்கப் பாடலை இழந்த ஊரின் நினைவுச் சின்னமாக மட்டும் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், ஒரு தலைமுறையில் அது தூசு படியும். இருக்கும் ஊரைப் பார்க்கும் கண்ணாகக் கொடுத்தால் நிற்கும். 46ஆம் பாட்டை அவர்களுக்குச் சொல்லுங்கள். சொன்னபின், நம் குடியிருப்பில் குருவி எங்கே கூடு கட்டுகிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். எங்கும் இல்லை என்று அவர்கள் திரும்பி வந்தாலும், அவ்விடையும் அந்தப் பாட்டுக்கு உரிய விடையே.