கொட்டை காட்டுக்காரருக்கு, பழம் நமக்கு

பங்குனி பிறந்து சித்திரை முடியும்வரை எங்கள் வீட்டில் பழச் செலவே கிடையாது. செந்துறை முந்திரிக் காடுகள் அள்ளித் தருகின்றன. சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு முந்திரிப் பழத்தை மிஞ்சிய வரம் இந்த வட்டாரத்தில் இல்லை, அடித்துச் சொல்வேன்!

காட்டுக்காரர்களுக்கு வேண்டியது கொட்டை. அதைத் திருகி எடுத்ததும் பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுகிறார்கள். கொட்டையைவிட ஐந்து முதல் பத்து மடங்கு எடை பழத்துக்கு உண்டு. ஒரே நாளில் அழுகத் தொடங்குவதால் சந்தைக்கு எட்டுவதில்லை. கேட்டால், “அள்ளிக்கிட்டுப் போங்கம்மா, மாடு திங்கிறதுதானே” என்பார்கள்.

விடியலிலேயே போய், அடிபடாத, அன்று விழுந்த பழமாகப் பொறுக்குவோம். சாறு பட்டால் கறை போகாது, பழைய துணி உடுத்திக்கொள்வது நல்லது. கொட்டையைத் திருகிய பிறகே பழத்தைக் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டும். பச்சைக் கொட்டையின் தோல் எண்ணெய் வாயைப் புண்ணாக்கிவிடும்.

தொண்டை கமறுமே என்று பலர் ஒதுக்குகிறார்கள். அந்தக் காறலுக்குக் காரணம் டானின். அதை நீக்க நம் அடுப்படியிலேயே மருந்து இருக்கிறது: சோறு வடித்த கஞ்சி! ஒரு லிட்டர் சாற்றுக்கு 125 மில்லி ஆறிய கஞ்சி கலந்து வைத்தால், டானின் கஞ்சியோடு சேர்ந்து அடியில் படியும். மேலே தெளிந்ததை இறுத்துக் குடித்துப் பாருங்கள், அத்தனை இனிப்பு, அத்தனை மணம்! கேரள வேளாண் பல்கலைக்கழகமும் சொல்லும் வழி இது. கஞ்சி இல்லாத நாளில் லிட்டருக்கு 5 கிராம் ஜவ்வரிசியைக் காய்ச்சி ஊற்றலாம்.

நூறு கிராம் பழத்தில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் ஏறக்குறைய 50தான். வேகவைத்தால் அது குறையும் என்பதால் பிள்ளைகளுக்குப் பச்சைச் சாறுதான் முதலில். சின்னவர்கள் துண்டு போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்பார்கள்.

மிச்சப் பழம் குழம்புக்கு. உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பிழிந்து, சின்ன வெங்காயம், பூண்டு தாளித்துப் புளிக்குழம்பில் போட்டால், நார்நாராக மெல்லும் சுகத்தில் கறிக்குழம்பே தோற்றுப்போகும்! முந்திரியின் தாயகமான பிரேசிலிலும் இந்தச் சதையை இறைச்சிக்குப் பதிலாகச் சமைக்கிறார்கள். தெளிந்த சாற்றை ‘கஜுயினா’ என்று போத்தலில் அடைத்து விற்கிறார்கள். அங்கே காசு கொடுத்து வாங்குவது நம் ஊரில் காலடியில் கிடக்கிறது. பழத்தை வெல்லம் போட்டுச் சுருளக் கிளறிவைத்தால், பருவம் முடிந்த பிறகும் தோசைக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.

கஞ்சியும் உப்பும் எந்த வீட்டிலும் உண்டு. வருகிற பங்குனியில் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கூடையோடு கிளம்புங்கள். ஒரு பழத்தையும் மண்ணுக்கு விடாதீர்கள்!